பங்குனியில் யாரும் கூப்பிடுவதில்லை

ஐப்பசி பிறந்து முதல் கனமழை பெய்த மறுநாள், காலை ஆறு மணிக்கே என் ஃபோன் அடிக்க ஆரம்பித்துவிடும். "அண்ணாச்சி, ஹால்ல சொட்டுது, உடனே வாங்க." அடுத்தது இன்னொன்று. "கொத்தனாரே, ஃபேன் வழியா தண்ணி வருது, கரண்ட் அடிக்குமோன்னு பயமா இருக்கு." நான் போய் என்ன செய்ய? நனைந்து ஊறிய தளத்தில் சாந்து பிடிக்காது. வெடிப்பு எங்கே என்று தேடவும் வழியில்லை, தளம் முழுக்க ஒரே கறுப்பாகக் கிடக்கும். தார்ப்பாய் விரிக்கச் சொல்லுவேன், மெயினை அணைக்கச் சொல்லுவேன், சொட்டுகிற இடத்தில் வாளி வைக்கச் சொல்லுவேன். இதைச் சொல்ல ஒரு கொத்தனார் வேண்டுமா என்று அவர்கள் முகத்தில் தெரியும். "பங்குனியில கூப்பிடுங்க, சரி பண்ணித் தாரேன்" என்று சொல்லிவிட்டு வருவேன். "கண்டிப்பா அண்ணாச்சி" என்பார்கள்.

பங்குனி வரும். வெயில் பல்லைக் காட்டும். சொட்டு விழுந்த இடத்தில் தைமாசமே புதுப் பெயிண்ட் அடித்து மறைத்திருப்பார்கள். ஃபோன் அடிக்காது.

நான் திருநெல்வேலிக் கொத்தனார். 1978-ல், பதினைந்து வயதில், தாய்மாமாவோடு சாந்துச்சட்டி தூக்கப் போனேன். புது வீடுகளும் கட்டியிருக்கிறேன் என்றாலும் ஊரில் என்னைச் சொல்வது 'ஒழுகுற வீட்டுக் கொத்தனார்' என்றுதான். அது நானாகத் தேடிக்கொண்ட பேர் இல்லை. வேலை இல்லாத மாசத்தில் என்ன செய்வது என்று யோசித்ததில் வந்தது.

பங்குனியில் எங்களுக்கு ஏன் வேலை இராது என்று கேட்டால், அதற்குப் பஞ்சாங்கம்தான் பதில் சொல்ல வேண்டும். வாஸ்து புருஷன் வருஷத்தில் எட்டு மாசம், மாசத்துக்கு ஒரு நாள்தான் கண் விழிக்கிறார் என்பது நம்பிக்கை. ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனி நாலிலும் அவர் எழுந்திருப்பதே கிடையாது. அதனால் பங்குனியில் மனை கோலுவார் இல்லை, பால் காய்ச்சிக் குடி போவாரும் குறைவு. மாசியில் ஆரம்பித்த வேலை ஓடிக்கொண்டிருந்தால் உண்டு. இல்லையென்றால் கரணையைக் கழுவி வைத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். இதற்கு நடுவில் பங்குனி உத்திரம் வேறு. திருநெல்வேலிப் பக்கத்தில் உத்திரத்துக்கு ஆள் அம்புகளோடு குலதெய்வம் சாஸ்தா கோயிலுக்குப் போயே ஆக வேண்டும். எந்தச் சித்தாளும் கையாளும் மூன்று நாளைக்குக் கண்ணில் பட மாட்டார்கள். மாமாதான் சொன்னார்: "புது வீட்டுக்குத்தாம்லே நாளு பாக்கணும். ஒழுகுற வீட்டுக்கு என்ன நாளு? காஞ்சு கெடக்கும்போது ஏறிப் பாரு."

தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் விழுவதுதான். அந்த மழை வெறித்து, சுவருக்குள் போன ஈரம் மெல்ல வெளியேறி, தளம் எலும்பாகக் காய மாசி ஆகிவிடும். சித்திரையில் இடியோடு ஒரு கோடை மழை கொட்டலாம். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் வீடு என்றால் இன்னும் அவசரம். ஆனியில் சாரல் தொடங்கிவிடும், அதன் பிறகு அங்கே எதுவும் சொன்னபடி காயாது. ஆகமொத்தம் கையில் இருப்பது பங்குனியும் சித்திரையும், இழுத்துப் பிடித்தால் வைகாசியில் பாதியும்.

ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கணக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நாட்டு ஓடு என்றால் ஒவ்வொரு கோடையிலும் பிரித்து, உடைந்ததைக் கழித்து, திரும்ப அடுக்கியாக வேண்டும். பூனை ஓடினாலே நகர்கிற ஓடு அது. 1865-ல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொழிற்சாலை வைத்துச் சுட ஆரம்பித்த சீமை ஓடு அந்த வேலையைக் குறைத்துவிட்டது. ஒன்றோடொன்று கொக்கி மாதிரி மாட்டிக்கொள்வதால் அது நகராது. நான் அதிகம் ஓடு ஏறியவன் இல்லை. என் பாடு தட்டட்டியோடுதான். மொட்டைமாடியை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்லுவோம்.

நான் வேலைக்குப் போன புதிதில் தளம் என்றால் சுண்ணாம்புத் தளம். தாழையூத்தில் 1949-லேயே சிமென்ட் ஆலை வந்துவிட்டது, எங்கள் ஊருக்கு அது கூப்பிடு தூரம். ஆனாலும் மாமா சுவருக்குச் சிமென்ட் பூசுவாரே ஒழிய, தளத்தில் அதைத் தொட மாட்டார். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்குக் கட்டைகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் போட்டிருப்பார்கள். அதன்மேல் தளத்துக்கென்றே சுட்ட சின்னச் செங்கல், ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம். அதைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, மூலைக்கு மூலை சாய்வாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிக்கொண்டே போவார்கள். கீழே பலகை முட்டு கிடையாது. ஒரு வரிசை அடுத்த வரிசையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் ஓலைப்பாய் பின்னிய மாதிரி இருக்கும்.

அதற்கு மேலேதான் சுருக்கி. செங்கலை முக்கால் அங்குல ஜல்லியாக உடைத்து, நீற்றின சுண்ணாம்பை, ஜல்லி இரண்டரைப் பங்குக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு என்று கலந்து, மணலே சேர்க்காமல் நாலு அங்குலத்துக்குக் கொட்டுவார்கள். பிறகு அடி. கைப்பிடி வைத்த மரக்கட்டையோடு பெண்கள் இரண்டு வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, எதிரும் புதிருமாக அடித்துக்கொண்டே நகர்வார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துக்கொண்டே போவது என் வேலை. அந்தத் தண்ணீரின் துவர்ப்பு வாடை கையைவிட்டுப் போக ஒரு வாரம் ஆகும். எறும்பு மொய்க்கும், அதைத் தட்டிவிட்டுக்கொண்டே அடிப்பார்கள். முதல் நாள் கட்டை 'சதக் சதக்' என்று அமுங்கும். இரண்டாம் நாள் சத்தம் கெட்டியாகும். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அடித்த கட்டை கையை எதிர்த்து எம்பும். 'டங்'கென்று ஒரு சத்தம். நாலு அங்குலம் மூன்று அங்குலமாக இறுகியிருக்கும். மாமா தெருவில் நின்று பீடி குடித்துக்கொண்டே அந்தச் சத்தத்தைக் கேட்டு, "போதும், நிறுத்துங்க தாயி" என்று மேலே பார்த்துச் சொல்லுவார். ஏறிவந்து பார்க்கக்கூட மாட்டார்.

அதற்கப்புறம்தான் தட்டோடு பதிப்பு. பத்தடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம், தண்ணீர் விழும் தூம்பை நோக்கி.

சுண்ணாம்புக் கல்லைத் தொள்ளாயிரம் டிகிரிக்குச் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, பூசினால் அது காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. ஆனால் மெதுவாக. அந்த மெதுவில்தான் அதன் குணம் இருக்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கிற்று. கட்டை கொஞ்சம் வளைந்தால் அதுவும் கூட வளைந்து கொடுக்கும். உள்ளே போன ஈரத்தை வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். இதெல்லாம் மாமாவுக்கு இந்த வார்த்தைகளில் தெரியாது. அவர் சொன்னது ஒன்றுதான்: "சுண்ணாம்பு மூச்சு விடும்லே."

1994-ல் பாளையங்கோட்டையில் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் வீடு. மெட்ராஸ் டெரஸ். தட்டோடு இருபது முப்பது உடைந்து, சந்துகளில் புல் முளைத்திருந்தது. அவர் சுண்ணாம்பில்தான் செய்ய வேண்டும் என்றார். அதற்குள் மாமா காலமாகிவிட்டார். சுண்ணாம்பு அடிக்கிற பெண்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். சாந்து அரைக்கிற செக்கு ஊரில் ஒன்று கூட இல்லை. உண்மையைச் சொன்னால், அதெல்லாம் சாக்கு. தேடியிருந்தால் ஆள் கிடைத்திருக்கும். எனக்குச் சீக்கிரம் முடிக்க வேண்டும். "சுண்ணாம்பெல்லாம் இப்ப யாரு சார் போடுதா? சிமென்டு போட்டா இரும்பு மாதிரி நிக்கும்" என்றேன். ஒன்றரை அங்குலத்துக்குச் சிமென்ட் பூச்சு, மேலே சிமென்ட் பால் ஊற்றி வழவழவென்று தேய்த்து, ஒன்பதே நாளில் இறங்கிவிட்டேன். இரண்டு மழை தாங்கிற்று. நானும் அதைப் பத்துப் பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

1998 மாசியில் வாத்தியார் ஆள் விட்டார். ஒழுகவில்லை, ஆனால் உள் அறையில் ஏதோ வாடை வருகிறது என்றார். ஏணி போட்டு ஏறி, ஒரு தேக்குக் கட்டை சுவருக்குள் போகிற இடத்தில் கரணை முனையை வைத்து அழுத்தினேன். கேக்கில் இறங்குகிற மாதிரி இரண்டு அங்குலம் உள்ளே போயிற்று. இன்னொரு கட்டை. அதுவும் அப்படியே.

நடந்தது இதுதான். கீழே மரம் அசைந்து கொடுக்கிறது, மேலே சிமென்ட் அசையாது. மயிரிழை வெடிப்பு விட்டது. வெடிப்பு வழியே இறங்கிய தண்ணீர் சுண்ணாம்பில் ஊறி நின்றது. முன்னெல்லாம் வெயில் அதை உறிஞ்சிக்கொண்டு போகும், இப்போது மேலே நான் போட்ட மூடி இருக்கிறதே. ஈரம் போக்கிடம் இல்லாமல் கட்டையின் நுனிக்குப் போய்ச் சேர்ந்தது. சொட்டாததால் யாருக்கும் தெரியவில்லை. ஒழுகியிருந்தால் முதல் வருஷமே பிடித்திருப்போம்.

வாத்தியார் கத்தவில்லை. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார். அதற்குப் பதில் நாலு அடி அடித்திருக்கலாம்.

அந்தப் பங்குனி முழுக்க அந்த வீட்டில்தான் இருந்தேன். முட்டுக் கொடுத்து, அழுகின நுனியை அறுத்து, இரண்டு பக்கமும் இரும்பு சேனல் வைத்து போல்ட் போட்டு முடுக்கினோம். நான் போட்ட சிமென்ட்டை நானே கொத்தி எடுக்க மூன்று வாரம். உளி போட்டால் அடியில் சுண்ணாம்பும் சேர்ந்து பெயரும், அவ்வளவு இறுகப் பிடித்திருந்தது. பழைய ஆட்களைத் தேடி, மேலப்பாளையம் பக்கத்திலிருந்து அறுபதைத் தாண்டின இரண்டு பாட்டிகளைக் கூட்டிவந்தேன். அவர்களால் அதிகம் அடிக்க முடியவில்லை. உட்கார்ந்து ஐந்து இளம் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு பாட்டி கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பாள். "ஏ, அந்த மூலையில இன்னும் பச்சையா இருக்குடீ" என்பாள். போய்த் தொட்டால் அமுங்கும். ஆட்கூலி, சாமான் எல்லாம் வாத்தியார் கொடுத்தார். என் கூலியை நான் வாங்கவில்லை, அவரும் வற்புறுத்தவில்லை.

இன்றைக்கு என்னிடம் வருவது பெரும்பாலும் கான்கிரீட் வீடுகள். அதன் கோளாறு வேறு மாதிரி. பங்குனி வெயிலில் மத்தியானம் வெறுங்காலோடு தட்டட்டியில் நிற்க முடியாது. நான் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டு அதன்மேல் குந்துவேன். உச்சி வெயிலுக்கும் விடியற்காலைக்கும் தளத்தில் 25 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், முப்பது அடி கான்கிரீட் இரண்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே நீண்டு, ராத்திரி சுருங்கும். தினமும். கைப்பிடிச் சுவரோ செங்கல், அது தன் போக்கில் நிற்கும். இரண்டும் சேருகிற அடி மூலை பிரியாமல் என்ன செய்யும்? அதனால்தான் அந்த மூலையில் சாந்தை உருட்டி 'ரவுண்டு' போடுகிறோம். அந்த ரவுண்டில்தான் பாதி வீடுகளின் ஒழுக்கு ஆரம்பிக்கிறது. மீதிப் பாதிக்கு டிஷ் ஆன்டெனா போல்ட், கொடி கட்ட நட்ட கம்பி, சோலார் பேனலின் கால், தினமும் நிரம்பி வழிகிற தண்ணீர்த் தொட்டி. தளத்தில் ஓட்டை போட ட்ரில்லோடு ஏறுகிற எவரும் கீழே இருப்பவரைக் கேட்பதில்லை.

ஒழுக்கில் மனிதர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. சொட்டு விழுகிற இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். தண்ணீர் அப்படி ஒழுங்காக வருவதில்லை. ஓரிடத்தில் நுழைந்து, தட்டோட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே வாட்டம் பார்த்துப் போய், கான்கிரீட்டில் எங்கே இளப்பமோ அங்கே இறங்கும்.

போன வருஷம் பங்குனியில் அதிசயமாக ஒரு ஃபோன் வந்தது. வண்ணார்பேட்டையில் ஓர் ஆச்சி. மகன்கள் வெளியூரில், ஆச்சி மட்டும் அந்த வீட்டில். ஹால் நடுவில் ஃபேனுக்குப் பக்கத்தில் ஒழுக்கு. எட்டு வருஷத்தில் நாலு கொத்தனார் வந்து, நாலு பேரும் ஃபேனுக்கு நேர் மேலே தட்டோட்டைப் பெயர்த்துப் புதிதாகப் பதித்திருந்தார்கள். தட்டட்டியின் நடுவில் அந்த இடம் மட்டும் ஒட்டுப் போட்ட வேட்டி மாதிரி, நாலு நிறத்தில் கிடந்தது.

நான் முதல் நாள் கரணைக் காம்பால் தட்டிக்கொண்டே போனேன். பிடிப்புள்ள தட்டோடு 'கண்'ணென்று பேசும், அடியில் பிடிப்பு விட்டது 'டொப்'பென்று பேசும். டொப் கேட்ட இடங்கள் ஃபேன் பக்கம் இல்லை. மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வரிசையாக இருந்தன. அன்று சாயங்காலம் அஞ்சு மணிக்குக் குழாய் போட்டுத் தளம் முழுக்க நனைத்து, விளக்குமாற்றால் தள்ளிவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து காத்திருந்தேன். சுட்ட தளம் கண்ணுக்கு முன்னால் வெளுக்கும். எல்லா இடமும் வெளுத்த பிறகும், வெடிப்பு உள்ள இடத்தில் உள்ளே குடித்த தண்ணீர் மேலே வந்துகொண்டிருக்கும். அதனால் வெடிப்பு மட்டும் கறுப்புக் கோடாகத் தெரியும். அஞ்சு நிமிஷம், மிஞ்சினால் ஏழு. அதற்குள் சாக்பீஸால் வரைந்துவிட வேண்டும். மண்டியிட்டு, குனிந்து, கோடு போகிற போக்கில் ஓடி ஓடி வரைந்தேன். அறுபது தாண்டின முழங்கால் அன்று என்னைத் திட்டிற்று. மழைக்காலத்தில் இந்த வித்தை நடக்காது. காய்ந்த தளமும் சாய்ந்த வெயிலும் வேண்டும்.

ஆச்சி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறிவந்து பார்த்தாள்.

"என்னய்யா இது, தட்டட்டியில கோலம் போட்டு வச்சிருக்க?"

"ஆச்சி, ஒங்க ஒழுக்கு இங்கன நுழையுது" என்று மேற்கு மூலையைக் காட்டினேன். "பன்னெண்டு அடி நடந்து போயி ஃபேன்கிட்ட எறங்குது."

"அப்ப அந்த நாலு பேரு?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நாலு பேரில் இரண்டு பேர் எனக்குத் தெரிந்தவர்கள். ஒருவர் என்னிடம் வேலை பழகினவர்.

வேலையும் சுலபமாக இல்லை. கண்டுபிடிக்கத் தோதான வெயில், பூசுவதற்கு எதிரி. பத்து மணிக்கு மேலே போட்ட சாந்தில் தண்ணீரை வெயில் குடித்துவிடும். மறுநாள் பார்த்தால் வலை விரித்த மாதிரி வெடிப்பு. அதனால் சாயங்காலம் நாலரைக்கு மேல் மூலையை 'வி' போல வெட்டி, ஊதித் துடைத்து, நனைத்து, லேடெக்ஸ் கலந்த சாந்தால் அடைத்து, புது ரவுண்டு உருட்டினோம். டொப் என்று பேசின தட்டோடுகளை எடுத்துப் பதித்தோம். ஏழு நாள் சாக்கு மூடி, காலையும் மாலையும் நனைக்க வேண்டும். அந்த ஏழு நாளையும் யாரிடமும் நம்பி விட மாட்டேன், சைக்கிளில் போய் நானே நனைத்துவிட்டு வருவேன். ஆச்சி வீட்டில் அதற்கும் அவசியம் இருக்கவில்லை. நான் போகும்போதெல்லாம் சாக்கு சொட்டச் சொட்ட நனைந்தே கிடந்தது.

உள்ளே ஹாலுக்கு உடனே பெயிண்ட் அடித்துவிடலாமா என்று ஆச்சியின் மகன் ஃபோனில் கேட்டார். வைகாசி வரை பொறுங்கள் என்றேன். பொங்கலுக்கு வெள்ளை அடிப்பது சுண்ணாம்புக் காலத்து வழக்கம். மார்கழியில் சுவர் ஈரமாக இருந்தாலும் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும், ஈரத்தையும் வெளியே விடும். இப்போது அடிக்கிற எமல்ஷன் அப்படி இல்லை. ஈரச் சுவரில் அடித்தால் உள்ளே இருக்கிற உப்பு வெளியே வரப் பார்க்கும், பெயிண்ட் அப்பளம் மாதிரி பொரிந்து உதிரும். வழக்கத்தை வைத்துக்கொண்டு சாமானை மாற்றிவிட்டோம். பொங்கலுக்கு வாசலில் மட்டும் சுண்ணாம்பும் காவியும் அடியுங்கள், உள்ளே பங்குனியில் அடியுங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-ல் எங்கள் பக்கம் பெய்த மழையை யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஊருக்குள் வந்தது, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயில் பயணிகளோடு நின்றுபோயிற்று. அந்த மழைக்கு எந்தத் தளம் தாங்கும் என்று நானும்தான் நினைத்தேன். தண்ணீர் வடிந்த பிறகு ஒழுகின வீடுகளைப் பார்க்கப் போனேன். பதினோரு வீட்டில் ஏழு வீட்டில் தளத்தில் பெரிய கோளாறு ஒன்றும் இல்லை. மழைத்தண்ணீர்க் குழாயின் வாய் அடைத்திருந்தது. வேப்பிலைச் சருகு, பாலிதீன் பை, ஒரு வீட்டில் புறாக் கூடு, ஒரு வீட்டில் பிள்ளைகள் விளையாடின டென்னிஸ் பந்து. நூறு சதுர அடியில் ஓர் அங்குலம் தண்ணீர் நின்றால் அது 236 லிட்டர், கால் டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த வீடுகளில் கைப்பிடிச் சுவருக்கு அரைவாசி நின்றிருக்கிறது. கதவு வழியாகப் படிக்கட்டில் அருவியாக இறங்கினதாம். முழங்கை வரை குழாய்க்குள் விட்டு அந்தப் பந்தை எடுத்தது நான்தான். இதற்குக் கூலி கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. அதிலிருந்து எந்த வேலைக்குப் போனாலும் முதலில் குழாய் வாயில் கையை விட்டுவிட்டுத்தான் மற்றது.

ஆச்சி வீட்டில் எட்டாம் நாள் தண்ணீர் கட்டிப் பார்த்தோம். குழாய் வாயைத் துணியும் களிமண்ணும் வைத்து அடைத்து, இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் நிறுத்தி ஒரு பகல் ஒரு ராத்திரி விட வேண்டும். கான்கிரீட் என்பதால் செய்தேன். மெட்ராஸ் டெரஸில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது, அவ்வளவு பாரத்தைப் பழைய கட்டைமேல் ஏற்றக் கூடாது. அங்கே பகுதி பகுதியாகத் தெளித்துப் பார்ப்பதோடு சரி. காலையில் நிரப்பிவிட்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தடவை போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஹால் காய்ந்திருந்தது. ஆச்சி ஃபேனுக்கு நேர் கீழே பாயை விரித்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள படுங்க ஆச்சி, தண்ணி விழுந்தா நனைஞ்சிருவீங்க."

"விழுந்தா எனக்குத் தெரியணும்லா" என்றாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனேன். ஆச்சி காப்பி போட்டு வைத்திருந்தாள். மேலே போய் அடைப்பை எடுத்தேன், தண்ணீர் குழாயில் மடமடவென்று இறங்கித் தெருவுக்குப் போயிற்று. கீழே வந்து ஹாலை அண்ணாந்து பார்த்தேன். பழைய கறை அப்படியே காய்ந்து கிடந்தது, புதிதாக ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"ரெண்டு தடவ முழிச்சுப் பாத்தேன்" என்றாள் ஆச்சி. "ஒரு சொட்டு விழல."

"அப்ப சரியாயிட்டு ஆச்சி."

ஆச்சி உள்ளே போய்ப் பர்ஸை எடுத்துவந்து ரூபாயை எண்ணினாள். பேசினதில் பாதி. மிச்சத்தைப் பர்ஸிலேயே வைத்து மூடினாள்.

"மிச்சத்த ஐப்பசியில வந்து வாங்கிக்க" என்றாள். "நாலு பேரையும் பங்குனியில சரியாயிட்டுன்னு சொல்லித்தான் அனுப்பினேன்."

நியாயம்தான். காப்பியைக் குடித்துவிட்டு, சாந்துச்சட்டியைச் சைக்கிளில் கட்டினேன்.